இணைப்பின் கதை

வடநாட்டில் பயிலும் தமிழ் மாணவனுக்குக் குளிர்காலத்தில் உற்ற துணை எது? நூலன்று, நண்பனுமன்று, வாளியில் வெந்நீர் காய்ச்சும் மின்கோல்தான். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, என் அறையில் அந்தக் கோலை வாளியில் இட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகும் மணம் எழுந்தது. சுவிட்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கோலில் குற்றமில்லை, கம்பியிலும் குற்றமில்லை. சுவரில் செருகியிருந்த பிளக்கின் முள் ஒன்று மட்டும் கறுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. பல நூறு கிலோமீட்டர் தொலைவு நலமாகப் பயணம் செய்து வந்த மின்சாரம், கடைசி அரை அங்குலத்தில் தடுக்கி விழுந்துவிட்டது!

இது ஏன் நேர்கிறது? பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் குழியும் நன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. எவ்வளவு மெருகிட்ட உலோகமும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டு பலாப்பழங்களை அருகருகே அணைத்து வைத்தால், சில முட்கள் மட்டுந்தானே ஒன்றையொன்று தொடும்? உலோகங்களும் அவ்வாறே சில புள்ளிகளில் மட்டும் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகளின் வழியாகவே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டும். பெர்லின் நகரில் சீமென்ஸ் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ரக்னார் ஹோல்ம் என்னும் சுவீடன் நாட்டறிஞர், இந்த நெருக்கத்தால் உண்டாகும் தடையை விரிவாக ஆராய்ந்து விளக்கினார்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2000 வாட் மின்கோல், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். தொடும் இடத்தின் தடை 0.01 ஓம் என்றால், அங்கே பிறக்கும் வெப்பம் முக்கால் வாட், அதனால் தீங்கில்லை. பிடி தளர்ந்து, களிம்பு ஏறி, தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 23 வாட்டை நெருங்கிவிடும். ஈயம் பற்றவைக்கும் சிறிய சூட்டுக்கோலின் வெப்பம் அது! என் பிளக் உருகியதில் வியப்பென்ன?

விடுதி அறையிலேயே இந்த நிலையென்றால், நாள் முழுவதும் அதிரும் இயந்திரத்தில், எண்ணெயும் இரும்புத்தூளும் பறக்கும் தொழிற்சாலையில், மழையிலும் புழுதியிலும் ஓடும் இரயில் பெட்டியில் என்ன ஆகும்? அங்கே ஒரு முள் தளர்ந்தால் நிற்பது வெந்நீர் அல்ல. வேலை முழுவதும் நின்றுவிடும். இத்தகைய இடங்களுக்கென்றே உறுதியான இணைப்பிகளைச் செய்வது ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அத்தொழிலில் பெயர் பெற்ற ஒரு குடும்பத்தின் கதை கேட்கத் தக்கது.

1945-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். போரில் தோற்ற ஜெர்மனி இடிபாடுகளிடையே கிடந்தது. மிண்டன் என்னும் ஊரில் வில்ஹெல்ம் ஹார்ட்டிங்கும் அவர் மனைவி மரீயும், சுமார் 100 சதுர மீட்டர் அளவுள்ள ஒரு பட்டறையில் தொழில் தொடங்கினர். அன்று மக்களுக்கு வேண்டியிருந்தவை அன்றாடப் பொருள்களே. ஆகவே விளக்கு, மின்னடுப்பு, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைச் செய்து விற்றனர். இடம் போதாமையால் 1950-இல் எஸ்பெல்காம்ப் என்னும் இடத்துக்குப் பெயர்ந்தனர்.

இந்த எஸ்பெல்காம்பின் வரலாறும் சுவையானது. போர்க்காலத்தில் அது காட்டுக்குள் மறைந்திருந்த வெடிமருந்துக் கிடங்கு. போர் முடிந்ததும் அதைத் தகர்த்துவிட எண்ணினர் பிரிட்டிஷ் படையினர். பிர்கர் ஃபோரெல் என்னும் சுவீடன் நாட்டுப் பாதிரியார் முதலானோர் தலையிட்டதால் கட்டடங்கள் பிழைத்தன. கிழக்கிலிருந்து வீடிழந்து வந்த அகதிகளுக்கு அவை உறைவிடமாயின. தலைக்குமேல் கூரை கிடைத்துவிட்டது. கைகளுக்கு வேலை வேண்டுமே! அங்கே வந்து சேர்ந்த தொழிற்சாலைகள் அந்த வேலையைக் கொடுத்தன. 1959-இல் எஸ்பெல்காம்ப் நகரம் என்னும் தகுதியையும் பெற்றது. அழிவுக்குரிய பொருளைச் சேர்த்துவைத்த இடம், வாழ்வுக்குரிய பொருளைச் செய்யும் இடமாயிற்று.

அக்காலத்தில் ஓர் இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுசென்று நிறுவுவது எளிதாக இல்லை. கம்பிகளையெல்லாம் கழற்றி, புதிய இடத்தில் ஒவ்வொன்றாகத் திருகி மாட்ட வேண்டும். 24 கம்பிகளில் இரண்டு இடம் மாறினாலும் போதும். மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். அல்லது உருகிக்கம்பி போய்விடும். 1956-இல் ஹார்ட்டிங் நிறுவனம் இதற்கொரு விடை கண்டது. ‘ஹான்’ என்று அதற்குப் பெயர். ‘ஹார்ட்டிங் நார்ம்’, அதாவது ஹார்ட்டிங் அளவுமுறை, என்பதன் சுருக்கம். கம்பிகள் அனைத்தையும் பட்டறையிலேயே முறையாகப் பொருத்திவிட வேண்டியது. போய்ச் சேர்ந்த இடத்தில் இரு பாதிகளையும் ஒருமுறை அழுத்தி, பூட்டுக்கையை மடக்கினால் வேலை முடிந்தது.

அதன் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். வெளியே கனமான உலோக உறை. மேலே ஏதேனும் விழுந்தாலும் உள்ளே உள்ள முட்கள் வளைவதில்லை. ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம். பூட்டும்போது அது நசுங்கித் தூசியையும் நீரையும் தடுக்கிறது. உள்ளே குழிகள் வில்போல் முட்களைக் கவ்வுகின்றன. அந்த அழுத்தம் குறைந்தால், அதிர்ச்சியில் முள் மயிரிழையினும் குறைவாக முன்னும் பின்னும் அசையும், அசைந்து அசைந்து உலோகம் தேய்ந்து களிம்பாகும், தடை ஏறும். ஆகவே களிம்பு எளிதில் தடையாகாத வெள்ளியையும் பொன்னையும் மெல்லிய பூச்சாகப் பூசுகின்றனர். நிலக்கம்பி முதலில் தொட்டுக் கடைசியில் பிரியும்படி அமைக்கின்றனர். நம் வீட்டு மூன்றுமுள் பிளக்கிலும் நிலமுள் நீண்டிருப்பது இதற்காகத்தான்.

இன்று மின்சாரத்தோடு ஒளியும் செய்தி சுமக்கிறது. ஒளியிழையில் ஒளி செல்லும் உட்பகுதியின் குறுக்களவு, தொலைதூர வகையில், ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே. நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். இரண்டு இழைகளை எதிரெதிரே நிறுத்தும்போது நேர்கோடு சற்றே பிசகினாலும், ஒரு தூசி குறுக்கே வந்தாலும் செய்தி தேய்ந்துவிடும். ஆகவே கடினமான பீங்கான் குழலில் இழையைப் பொருத்தி நேர் நிறுத்துகின்றனர். புழுதி மிகுந்த இடங்களுக்கு வேறோர் உபாயம் உண்டு. சிறிய வில்லை ஒன்றினால் ஒளிக்கற்றையை அகலப்படுத்திக் கடத்தி, மறுபுறம் மற்றொரு வில்லையால் மீண்டும் குவிக்கின்றனர். அகன்ற ஆற்றை ஒரு கல் மறைக்க முடியாதல்லவா?

வில்ஹெல்ம் ஹார்ட்டிங் 1962-இல் காலமானார். நிறுவனத்தை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கலாம். மரீ அவ்வாறு செய்யவில்லை. தாமே பொறுப்பேற்று நடத்தினார். பின்னர் மகன் டீட்மர் தலைமை ஏற்றார். 2015 முதல் பேரர் ஃபிலிப் தலைமையில், இன்றும் அது குடும்பத்தின் உடைமையாகவே இயங்குகிறது.

குடும்பத்தின் கையில் இருப்பதனாலேயே ஒரு தொழில் சிறந்துவிடும் என்று நான் கூறவரவில்லை. அண்ணன் தம்பி பூசலால் அழிந்த தொழில்கள் நம் ஊரிலும் பல உண்டு. ஆனால் இணைப்பி என்பது வாங்கிய அன்றே தன் குணத்தைக் காட்டும் பொருளன்று. புதியதாயிருக்கும்போது நல்லதும் மட்டமானதும் ஒன்றுபோலவே வேலை செய்யும். வேறுபாடு தெரியப் பத்தாண்டு ஆகலாம். அன்றைக்கு ஒரு பாதி பழுதானால், மறு பாதியோடு பொருந்தும் புதியது கிடைக்கவும் வேண்டும். இந்த ஆண்டு இலாபத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பூச்சில் சிறிது குறைப்பது எளிது; அளவை மாற்றிவிடுவதும் எளிது. தன் பெயரையே பொருளுக்கு இட்டு, அதைப் பேரனிடம் ஒப்படைக்க எண்ணுபவர் சற்றுத் தயங்குவார். அந்தத் தயக்கமே இத்தொழிலின் பெரும் முதல்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை தொழிற்சாலைகளில் பொறுப்பேற்கப் போகிறோம். மோட்டாரின் விலையைப் பத்து முறை ஆராய்ந்துவிட்டு, அதன் இணைப்பியைக் கிடைத்த விலைக்கு வாங்கும் வழக்கம் நமக்கு வேண்டா. பழுது பெரும்பாலும் பிறப்பது பொருளின் நடுவிலன்று. பொருளும் பொருளும் சேரும் இடத்தில்தான்.

நான் அன்றே கடைத்தெருவுக்குச் சென்று, 16 ஆம்பியர் தாங்கும் நல்ல பிளக் ஒன்றை வாங்கி வந்தேன். தளர்ந்த சாக்கெட்டையும் விடுதி மின்பணியாளரைக் கொண்டு மாற்றச் செய்தேன். உங்கள் அறைப் பிளக்கை, சுவிட்சை நிறுத்திவிட்டு, இன்றிரவே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். முள் கறுத்திருந்தால் குளிர் போகட்டும் என்று காத்திராதீர்கள்.