கடலுக்கு எந்த நீச்சல் கண்ணாடி?

ஹைதராபாத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. இறங்கி நீந்தத்தான் ஏரி இல்லை. உசேன் சாகரில் பல பத்தாண்டுகளாகக் கழிவுநீர் கலக்கிறது. 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்ட உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகள். அவற்றில் கால் நனைக்கவே நமக்கு மனம் வரக்கூடாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் கச்சிபௌலியிலோ வேறெங்கோ நீச்சல் குளத்தில் பழகிவிட்டு, ரயிலேறிப் போய் கோவாவிலோ விசாகப்பட்டினத்திலோ கடலில் இறங்குகிறார்கள். இங்கிருந்து போன கோலி சியாமளா 2021 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை, சுமார் 30 கிலோமீட்டர் பாக் நீரிணையை 13 மணி 43 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அவர் நீச்சல் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல்தான்.

குளத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கண்ணாடியைப் பற்றித்தான். இருப்பதே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

குளத்தின் தரையில் ஒரு கறுப்புக்கோடு ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே போனால் சுவர் வந்துவிடும். கண்ணாடிக்கு அங்கே இருக்கும் வேலை, குளோரின் தண்ணீர் கண்ணுக்குள் போகாமல் தடுப்பது மட்டும்தான். கடலில் கோடு கிடையாது. பத்துப் பன்னிரண்டு கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி மிதவை எங்கே, படகு எங்கே, கரை எங்கே என்று பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்த வேண்டும். அதற்குக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. அந்தப் பார்வையில் மிதவை பிடிபடாவிட்டால் வளைந்து நீந்துவீர்கள். ஒன்றரை கிலோமீட்டர் பந்தயம் ஒன்றே முக்கால் ஆகிவிடும். ஆகவே கடலுக்கான கண்ணாடி என்பது திசை காட்டும் கருவி. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் நிறம். பெரும்பாலோர் இதை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். நீந்தப்போகும் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? சென்னை மெரினா கிழக்கு பார்த்த கரை. காலை ஆறரைக்கு இறங்கினால் உள்ளே போகும்போது சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும். அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் போட்டியின் 1.9 கிலோமீட்டர் நீச்சல் நடக்கும் கோவா மிராமர் கரையில் இது தலைகீழ். அங்கே கடல் மேற்கில். போகும்போது சுகமாகப் போய்விட்டு, கரைக்குத் திரும்பும்போதுதான் கண் கூசும். களைத்திருக்கும் நேரமும் அதுதான். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வருகிறவர் ஏறக்குறைய நேர் மேற்காக வருகிறார். விடியுமுன் இருட்டில் இறங்கும்போது அவருக்கு நிறமற்ற தெளிவான கண்ணாடி வேண்டும். காலை முழுவதும் சூரியன் முதுகுக்குப் பின்னால். பிற்பகலில் அது முன்னால் இறங்கி, கரை இருக்கும் திசையிலேயே நிற்கும். அப்போது இருண்ட கண்ணாடி வேண்டும். ஒரே நீச்சலுக்கு இரண்டு ஜோடி தேவைப்படுவது இப்படித்தான். இத்தகைய நெடுநீச்சலில் துணைக்கு வரும் படகை நீந்துகிறவர் தொடக்கூடாது என்பது விதி. சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி எட்டக் கொடுப்பதுபோல மாற்றுக் கண்ணாடியையும் கொடுக்கலாம்.

மேகமூட்டம், விடியற்காலை, இருட்டு என்றால் தெளிவான கண்ணாடி. வெயில் எதிரே என்றால் வெளிப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சுள்ள இருண்ட லென்ஸ். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இலேசான புகைநிறம் போதும். நீல லென்ஸை மட்டும் யோசித்து வாங்குங்கள். பந்தய மிதவைகள் பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். நீலம் அதை மங்க வைக்கும்.

‘போலரைஸ்டு’ என்று எழுதியிருப்பதற்கு விலை கூடுதல். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும். இந்த லென்ஸ் அதை வடிகட்டிவிடும். உண்மையிலேயே நல்ல பொருள்தான். ஆனால் தலை நேராக இருந்தால்தான் அது வேலை செய்யும். மூச்சுக்காகப் பக்கவாட்டில் திரும்பும்போது லென்ஸும் திரும்பிவிடுகிறது, கூசுகிறது. சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போதும் பலன் குறைவு. இருண்ட சாதாரண லென்ஸே அப்போது போதும். காலை எட்டு மணிக்கு மேல் நெடுநேரம் நீந்துகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண்போகாது.

புற ஊதாக் கதிர்த் தடுப்புக்கும் நிறத்துக்கும் தொடர்பு இல்லை. தெளிவான லென்ஸிலும் அது இருக்கலாம். கறுப்பு லென்ஸில் இல்லாமலும் போகலாம். பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

அடுத்தது பொருத்தம். எனக்கு நிறத்தைவிட இதுதான் பெரிது. விலை சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை போகிறது. உங்கள் முகத்துக்குப் பொருந்துமா என்பதை எந்த விலையும் சொல்லாது. கடையிலேயே சோதித்துவிடலாம். பட்டையைத் தலைக்குப் போடாதீர்கள். இரண்டு கிண்ணங்களையும் கண்குழியில் வைத்து, விரல் நுனியால் மெல்ல அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று நொடி தானாக ஒட்டி நின்றால் அது உங்களுடையது. ஒரு கண் மட்டும் உடனே கழன்றால், மூக்குப் பாலத்தின் அகலத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையா, கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி வாங்கியவர்கள்தான் அரைமணி நேரத்தில் புருவத்துக்கு மேலே தலைவலி என்று கரையேறுகிறார்கள். குளத்தில் நானூறு மீட்டருக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு சரிசெய்யலாம். கடலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பந்தயக் குளத்துக்கான சிறிய, கெட்டியான கிண்ணம் கடலில் நெடுநேரம் தாங்காது. சிலிக்கோன் விளிம்பு மெத்தென்று, அகலமாக, கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பில் உட்கார வேண்டும். லென்ஸும் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்திருந்தால் பக்கத்தில் வரும் படகும் ஆளும் தெரியும். முகமூடி அளவுக்குப் பெரியதும் உண்டு. ஜெல்லிமீன் நிறைந்த பாக் நீரிணை போன்ற இடத்தில் கண்ணைச் சுற்றியுள்ள தோலை அது கூடுதலாக மறைக்கும். ஆனால் அலை மோதினால் எளிதில் நகரும். நான் நடுத்தர அளவையே சொல்வேன்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் தயங்க வேண்டாம். கிட்டப்பார்வைக்கான நீச்சல் கண்ணாடி அரை அரை பவராக, பெரும்பாலும் மைனஸ் எட்டு வரை ஆயத்தமாகவே கிடைக்கிறது. சில ரகங்களில் இடம், வலம் தனித்தனியாக வாங்கலாம். சரியான அளவு இல்லையென்றால் ஒருபடி குறைவானதை எடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு ஏரியிலோ கடலிலோ இறங்காதீர்கள். லென்ஸுக்கும் விழிக்கும் நடுவே தங்கும் நீரில் உள்ள அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி பார்வையையே பறிக்கக்கூடியது.

1926-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் கெர்ட்ரூட் எடர்லி, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கண்ணாடியை வாங்கி, விளிம்பெல்லாம் மெழுகு வைத்து அடைத்துக்கொண்டு இறங்கினார். உப்பு நீர் உள்ளே வராமல் இருக்க அவ்வளவு பாடு. இன்று நம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அதைப் பார்த்தால் புரியும்.

உள்ளே பனிபடர்வது எல்லாக் கண்ணாடிக்கும் வரும். புதிதில் உட்புறம் ஒரு பூச்சு இருக்கும். அதை விரலால் துடைத்தால் இரண்டே வாரத்தில் போய்விடும். துடைக்கவே கூடாது. இறங்குமுன் ஒரு சொட்டுக் குழந்தைகள் ஷாம்பூவைத் தடவி நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை. முகத்தில் சன்ஸ்கிரீன் பூசிய அதே விரலால் லென்ஸைத் தொட்டால் எல்லாம் பாழ். அதனால் கண்ணாடியை முதலில் மாட்டிக்கொண்டு பிறகு பூசுங்கள்.

நூறு பேர் ஒன்றாகப் பாயும் பந்தயத்தில் யாருடைய கையாவது முகத்தில் படும். பட்டையின்மேல் தொப்பி வரும்படி போட்டால், கண்ணாடி கழன்றாலும் கடலுக்குப் போகாது, நெற்றியில் தொங்கும். நிமிர்ந்து மிதந்து, நீரை வடித்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் காரின் முன்பலகையில் விட்டுவிட்டால் பூச்சு உரிந்துவிடும். கோவாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கி, குளத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து நீந்திப் பாருங்கள். கழற்றியபின் கண்ணைச் சுற்றி வளையம் விழுந்திருக்கும். பத்து நிமிடத்தில் மறைந்தால் பட்டை சரி. மதியம் வரை நின்றால் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு மறுநாள் மீண்டும் நீந்திப் பாருங்கள்.