நாடாவில் உறங்கும் நாதம்

வீணை தனம்மாளின் வாசிப்பைக் கேட்க விழைந்த ரசிகர்கள், வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்த அவரது இல்லத்தை நாடிச் செல்வது வழக்கம். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த அம்மேதை பல்லாண்டுகள் பொழிந்த இசையில், ஒலியாக நமக்கு எஞ்சியிருப்பவை 1930-களில் பதிவான சில இசைத்தட்டுகளே. தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நான்கு நிமிஷங்கள். விஸ்தாரமான ராக ஆலாபனைக்கு அதில் ஏது இடம்? பேத்திமார்களான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோர் அவரது பாணியைப் போற்றி வளர்த்தமையால், அந்தப் பரம்பரைச் செல்வம் முற்றும் அழியாமல் தப்பியது.

பின்னர் ஒலிநாடா வந்தது. முழுக் கச்சேரியையும் பதிவு செய்ய வழி பிறந்தது. சபை, கோயில், கல்யாண வீடு எனப் பல இடங்களில் பாடியவற்றை ரசிகர்கள் ஸ்பூல்களிலும் காசெட்டுகளிலும் பதிந்து வைத்தனர். பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் குடும்பங்கள் சிலவற்றிலும் அத்தகைய நாடாக்கள் பரண்மேல் உறங்கக்கூடும்.

ஆயின் நாடா நிலையானதன்று. காந்தப் பொடியை நாடாவோடு பிணைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும்; பூஞ்சையும் படரும். அந்நிலையில் அதனை ஓடவிட்டால் பொடி உதிர்ந்து, இசையும் உடன் போகும். ஆதலின் பழைய நாடாவை ஆவல் மிகுதியால் வீட்டில் ஓட்டிப் பார்த்தல் தகாது. அதனை இயக்கும் கருவிகளும், அவற்றைப் பழுது பார்ப்போரும் அருகி வருகின்றமை மற்றோர் இடர்.

இதற்குப் பரிகாரம் டிஜிட்டல் பதிவு. ஒலியலையை வினாடிக்கு 96,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாகக் குறிப்பது ஆவணக் காப்பாளர் போற்றும் முறை. மூலப் பிரதியில் இரைச்சலை நீக்க முயலலாகாது; நீக்கும்போது தம்பூராவின் கார்வையும் மறையக்கூடும். பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தலும், டிஜிட்டல் பிரதி எடுத்த பின்னரும் மூல நாடாவைப் பேணுதலும் அவசியம்.

ஒலி மட்டும் போதாது. பாடியவர் யார், பக்கவாத்தியம் யார், எவ்வூர், எந்நாள் என்னும் விவரங்கள் இல்லாத பதிவு, முகவரி இல்லாத கடிதத்தை ஒக்கும். உறையின் மேல் தாத்தா பென்சிலால் எழுதிய குறிப்பும், வித்வானின் சாகித்ய நோட்டும், கச்சேரி அழைப்பிதழும் ஆவணங்களே. அவற்றைக் கழித்துவிடற்க.

டில்லி சங்கீத நாடக அகாடமியின் ஆவணக் காப்பகமும், அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-இல் நிறுவிய குருகிராம ஆய்வு மையமும் இத்துறையில் பணியாற்றி வந்துள்ளன. பதிவைப் பொதுவில் வெளியிடுமுன் கலைஞரிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ இசைவு பெறுதல் சட்டத்துக்கும் பண்புக்கும் ஏற்றது.

அன்பர்களே! கச்சேரியை நேரிற் கேட்டவர்கள் இன்று முதியோர். பாடலையும் பாடியவரையும் அடையாளம் கூற அவர்களால் மட்டுமே இயலும். ஆகவே, பரணிலுள்ள பெட்டியை இறக்குங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நாடாவை வல்லுநரிடம் ஒப்படைக்கச் சில வாரங்கள் ஆகலாம்; எழுதும் வேலையை இன்றே தொடங்கலாம்.