முதலில் பணம், பிறகு பெட்ரோல்
கனடாவின் கிராமங்களுக்கும் வந்த ஒரு விதி

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டன் நகருக்குத் தென்மேற்கே தோர்ஸ்பி என்ற சிற்றூர் உள்ளது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் பார்லி வயல்கள், கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிர், மாட்டுப் பண்ணைகள். இப்படிப்பட்ட ஊர்களில் பெட்ரோல் பங்க் என்பது எரிபொருள் விற்கும் இடம் மட்டுமல்ல. பால், ரொட்டி, காப்பி வாங்குவதும், மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவதும் அங்கேதான்.

2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்த ஊர் பங்க்குக்கு ஒரு வேன் வந்தது. சுமார் 200 டாலருக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பணம் கொடுக்காமல் புறப்பட்டது. பங்க்கின் சொந்தக்காரர் ஓடிப்போய் அதைத் தடுக்க முயன்றார். வண்டி நிற்கவில்லை. அவர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். வேன் திருட்டு வண்டி என்பது பிறகு தெரிந்தது. கொரியாவிலிருந்து குடியேறி, சொந்தமாக ஒரு தொழிலை நடத்தி வந்த சிறு முதலாளி அவர்.

இச்சம்பவம் நடந்து எட்டு மாதத்திற்குள், ஆல்பர்ட்டா முழுவதும், நகரமானாலும் கிராமமானாலும், பணம் கட்டிய பிறகே பங்க்கில் எரிபொருள் பிடிக்க முடியும் என்ற விதி அமுலுக்கு வந்தது. தேதி 2018 ஜூன் 1.

ஆள் இல்லாத குழாய்

நமது ஊரில் பங்க் ஊழியர்தான் குழாயைப் பிடித்து எரிபொருள் போடுகிறார். பணத்தை வாங்குபவரும் அவரே. ஆகவே, பணம் கொடுக்காமல் ஓடிவிடுவது எப்படி என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வட அமெரிக்காவில் நிலைமை வேறு. ஒரு காலத்தில் அங்கும் ஆள்தான் போட்டார். ஆட்கூலியை மிச்சப்படுத்துவதற்காக, ஓட்டி வருபவரே இறங்கிக் குழாயை எடுத்து நிரப்பிக்கொள்ளும் முறை 1970-களில் வேகமாகப் பரவியது. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலம் மட்டும் 1949-ல் இயற்றிய சட்டத்தின்படி, இன்னமும் ஆள்தான் போட வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஆரிகன் மாநிலமும் அப்படியே இருந்தது. 2023-ல் அது விட்டுக்கொடுத்துவிட்டது.

ஆளை எடுத்த பின் பங்க்கில் மிஞ்சியவர் ஒருவரே. கடைக்குள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஊழியர். இரவு நேரத்தில் பெரும்பாலும் அவர் தனியாள். வெளியே எட்டு வண்டிகள் நிரப்பிக்கொண்டிருந்தாலும் அவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பார். நிரப்பியவர்கள் உள்ளே வந்து பணம் கட்டுவார்கள் என்பது நம்பிக்கை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் கட்டவும் செய்தார்கள். கட்டாமல் போன அந்த ஒருவரிடமிருந்து பணத்தை வசூலிப்பது யார் பொறுப்பு? அதை எந்த முதலாளியும் எழுதி வைத்ததில்லை. ஆனால் கல்லாவில் இருப்பவர், கணக்குக் குறைந்தால் தன் தலையில்தான் விடியும் என்று பயந்தார். அந்தப் பயம்தான் அவரை வெளியே ஓட வைத்தது.

12 டாலர் 30 சென்ட்

இந்த விதிக்குக் கனடாவில் வழிகாட்டியது ஆல்பர்ட்டாவுக்கு மேற்கே உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே மேப்பிள் ரிட்ஜ் என்ற ஊரில் 2005 மார்ச் மாதம் ஓர் இரவு. கிராண்ட் டி பேட்டி என்ற 24 வயது இளைஞர் பங்க்கில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பணம் கொடுக்காமல் கிளம்பியது. அதுவும் திருட்டுக் கார்தான். ஓட்டியவன் 16 வயதுச் சிறுவன். நிரப்பிய பெட்ரோலின் விலை 12 டாலர் 30 சென்ட். அன்றைய விலையில் இருபது லிட்டர்கூட இராது. கிராண்ட் குறுக்கே போனார். கார் அவரை மோதி, அடியில் சிக்கியவரை ஏழு கிலோமீட்டருக்கும் மேல் இழுத்துச் சென்றது.

மகனைப் பறிகொடுத்த தாய் தந்தையர் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஓட்டியவனுக்கு எத்தனை ஆண்டு சிறை என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. இப்படி ஒரு சம்பவம் இனி நடக்கவே முடியாதபடி பங்க்கை மாற்ற வேண்டும் என்று அரசாங்கத்தைத் தொடர்ந்து வற்புறுத்தினார்கள். அதன் பலனாக 2008 பிப்ரவரி 1-ந் தேதி முதல் அந்த மாகாணத்தில் எல்லா பங்க்குகளிலும், இரவு பகல் எந்நேரமும், முன்பணம் கட்டாயமாயிற்று. கனடாவில் இதுவே முதல். மக்கள் இதைக் 'கிராண்ட் சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.

இது இடம்பெற்றிருப்பது திருட்டைத் தண்டிக்கும் சட்டத்தில் அல்ல. தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில். கதிரடிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி போட வேண்டும் என்று சொல்கிற அதே வகையைச் சேர்ந்தது. கை சிக்கிய பின் வைத்தியம் பார்ப்பதைவிட மூடியைப் போடுவது எளிது அல்லவா? பணம் வராமல் குழாய் திறக்காது என்றால், துரத்த வேண்டிய வேலையே இல்லை. ஆல்பர்ட்டாவும் பத்து ஆண்டு கழித்து இதே வழியில், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் திருத்தியது. ஊழியர் இருவர் இருந்தாலும், கேமரா வைத்தாலும், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டாலும் துரத்தும் ஆசை போகாது. திருட்டு வண்டியின் எண்ணைக் குறித்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

தாங்களாக ஏன் செய்யவில்லை?

முன்பணம் கேட்க யாரும் தடை சொல்லவில்லையே, பங்க்காரர்கள் சட்டம் வரும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்கலாம். காரணம் எதிர்ச்சாரி பங்க். ஒருவர் மட்டும் முன்பணம் கேட்டால், வாடிக்கைக்காரர் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். மேலும், பெட்ரோலில் கிடைக்கும் லாபம் லிட்டருக்குச் சில சென்ட்தான். லாபம் 5 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 12 டாலர் 30 சென்ட் நஷ்டத்தை ஈடுகட்ட 246 லிட்டர் விற்றாக வேண்டும். உண்மையில் கடையை நடத்திக் கொடுப்பது உள்ளே விற்கும் காப்பியும் ரொட்டியும்தான். பணம் கட்ட உள்ளே வருபவர் அதையும் வாங்குவார். குழாயிலேயே அட்டையைச் செருகிப் பணம் கட்டிவிட்டால் அவர் உள்ளே வரமாட்டார். இந்தக் கணக்குத்தான் பல ஆண்டுகள் வாயை அடைத்தது. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதி என்று வந்தபோது எதிர்ச்சாரி பங்க்கைப் பற்றிய பயம் போயிற்று.

முறை எப்படி?

இரண்டு வழி உண்டு. வங்கி அட்டை உள்ளவர் குழாயில் இருக்கும் கருவியில் அட்டையைச் செருகுவார். வங்கி ஒரு தொகையை, நூறு டாலரோ அதற்கு மேலோ, முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்பின் குழாய் திறக்கும். நிரப்பியது 40 டாலருக்கு என்றால் 40-ஐ எடுத்துக்கொண்டு மீதியை விடுவிக்கும். ரொக்கம் கொடுப்பவர் கடைக்குள் போய் முதலில் 40 டாலரைக் கட்ட வேண்டும். ஊழியர் கருவியில் அந்தத் தொகையை வைப்பார். 40 டாலர் ஆனதும் குழாய் தானே நின்றுவிடும். அதற்குள் தொட்டி நிறைந்துவிட்டால் மீதிச் சில்லறைக்கு மறுபடி உள்ளே போக வேண்டும்.

கேட்பதற்கு அற்பமான சங்கடம். ஆனால், ஆல்பர்ட்டாவில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும் நாட்கள் உண்டு. பண்ணையிலிருந்து ஒரு பழைய டிரக்கும் மூன்று கேன்களும் கொண்டுவரும் முதியவருக்கு, அந்தக் குளிரில் இரண்டு தடவை நடப்பது அற்பமல்ல. எவ்வளவு பிடிக்கும் என்று முன்னதாகக் கணக்குப் போட்டுச் சொல்வதும் எல்லோருக்கும் வராது. வங்கிக் கணக்கில் சொற்பமே வைத்திருப்பவருக்கு வேறொரு தொல்லை. வங்கி பிடித்து வைத்த நூறு டாலர் சில சமயம் உடனே திரும்புவதில்லை. அதுவரை அவருடைய பணம் அவருக்கே உதவாது. பணக்காரருக்கு இது தெரியவே தெரியாது. முன்பண முறையின் சிறு சுமைகள் எளியவர் பக்கமே சாய்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பங்க்காரர் பக்கமும் செலவு உண்டு. நகரத்துப் பெரிய பங்க்குகளில் அட்டைக் கருவி ஏற்கனவே இருந்தது. சிற்றூர்களில் பழைய குழாய்கள். அவற்றில் கருவி பொருத்துவது, சில இடங்களில் குழாயையே மாற்றுவது, சிறு முதலாளியின் கையைக் கடித்தது. தெரிந்த முகத்திடம் பணத்தை முதலில் வை என்று கேட்பது எப்படி என்ற கூச்சமும் இருந்தது. தோர்ஸ்பி போன்ற ஊர்களுக்கும் விதி பொருந்த வேண்டுமா என்ற கேள்விக்கு, துரதிர்ஷ்டவசமாகத் தோர்ஸ்பியே பதிலாகிவிட்டது. உள்ளூர்க்காரர் எல்லோரும் தெரிந்தவர்களாக இருக்கலாம். நெடுஞ்சாலை யாரை வேண்டுமானாலும் கொண்டுவருகிறது.

பெரிய பண்ணைக்காரர்களை இவ்விதி அதிகம் தொடவில்லை. அவர்களுக்கு டீசல், டாங்கர் லாரியில் பண்ணைக்கே வந்து தொட்டியில் நிரப்பப்படுகிறது. கணக்கு மாதம் ஒருமுறை. வரிச்சலுகையுள்ள பண்ணை எரிபொருளுக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள். சலுகைக்கு உரிமையில்லாத வண்டியின் தொட்டியில் அந்தச் சாயம் அகப்பட்டால் அபராதம்.

விட்டுப்போனவை

கிராண்ட் சட்டத்தில் முன்பணத்தோடு இன்னொரு பகுதியும் இருந்தது. இரவில் தனியாள் வேலை கூடாது. இருவர் இருக்க வேண்டும், அல்லது ஊழியருக்கும் வருபவருக்கும் நடுவே தடுப்பு வேண்டும். செலவு அதிகம் என்று கடைக்காரர்கள் முறையிட்டனர். 2012-ல் இதற்குப் பதிலாக, குறித்த நேரத்தில் மட்டும் திறக்கும் பெட்டி, கேமரா போன்ற ஏற்பாடுகள் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. கிராண்டின் தந்தை இதைக் கடுமையாக எதிர்த்தார். முன்பண விதியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

அதே 2012-ம் ஆண்டு செப்டம்பரில், கிழக்கே ஒன்டாரியோ மாகாணத்தின் டொரன்டோ நகரில், இந்தியாவிலிருந்து குடியேறிய ஒரு பங்க் ஊழியர் இதே விதமாக உயிரிழந்தார். தொகை சுமார் 112 டாலர். அவர் பெயராலேயே முன்பண மசோதா ஒன்று அம்மாகாணச் சட்டசபையில் கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2015 ஜூனில், ஆல்பர்ட்டாவின் கால்கரி நகரில் ஈரானிலிருந்து குடியேறிய ஒரு பெண் ஊழியர், நூறு டாலருக்குச் சற்று மேற்பட்ட பெட்ரோலுக்காக ஒரு வண்டியின் முன் நின்றார். அவர் அந்த வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆல்பர்ட்டாவின் விதி வர அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் ஆயின.