பந்தய வண்டியின் எலும்புக்கூடு

நம் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்துப் பொறியியல் சேர்ந்த பிள்ளை, "தாத்தா, நாங்களே கார் கட்டறோம்" என்றால் சிரிக்க வேண்டாம். 1976-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பாஹா' என்னும் மேடுபள்ளப் பந்தயம், 2007 முதல் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் நம் மாணவர்களுக்கும் நடக்கலாயிற்று.

வண்டிக்கு உயிர், ஓட்டுபவரைச் சுற்றியுள்ள குழாய்க்கூண்டுதான். கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையாத எஃகு. வெளிவிட்டம் 25, சுவர்க்கனம் 3 மில்லிமீட்டர் என்பது விதியின் அளவுகோல். அதே வலுவும் விறைப்பும் இருந்தால் சற்று அகன்ற, மெல்லிய குழாயும் ஆகும். வளையாமல் தாங்குவது நடுவிலுள்ள இரும்பன்று, விளிம்பிலுள்ளதே. மூங்கிலைப் பாருங்கள், விளங்கும்.

குழாய்முனையை மீன்வாய்போல் அரிந்து, இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். சந்து விட்டு வெல்டிங்கால் நிரப்பினால் மேலே பளபளப்பு, உள்ளே பொக்கை. இதைக் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. கூண்டைப் பற்றவைத்தவரே மாதிரி இணைப்பு ஒன்று செய்து, அதை முறித்துக் காட்ட வேண்டும். குழாய் கிழியலாம்; ஒட்டு விடக் கூடாது. கடைத்தெரு பாஷையில், சரக்கை உடைத்துக் காட்டித்தான் விற்கணும்.

ஆகவே, "பரிசு கிடைச்சுதா?" என்று கேட்குமுன் அந்த முறிந்த துண்டை வாங்கிப் பாருங்கள். கூண்டுக்குள் உட்காருவது நம் வீட்டுப் பிள்ளையல்லவா!