ஜெய்சங்கர்புரத்துல யாரெல்லாம் சிரிச்சாங்க?

கொண்டப்பநாயக்கன்பட்டியில இருந்து பேசுறேன். இன்னைக்கு நாம எடுத்துக்கப்போறது 2010 மே மாசம் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்'. ராகவா லாரன்ஸ் ஹீரோ, சிம்புதேவன் டைரக்‌ஷன், ஏ.ஜி.எஸ். தயாரிப்பு. தொப்பி, பூட்ஸ், துப்பாக்கி, குதிரைன்னு கௌபாய் படங்களை முழு நீளத்துக்கு நக்கலடிச்ச தமிழ்ப் படம்.

இதே சிம்புதேவன் 2006-ல 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எடுத்தப்ப சின்னப் பசங்கள்ல இருந்து தாத்தா பாட்டி வரைக்கும் சிரிச்சாங்க. கௌபாய் படத்துக்கு அப்படி நடக்கல. சிலர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிலர் 'இதுல என்ன இருக்கு?'ன்னு கேட்டுட்டு எழுந்து வந்தாங்க. ஒரே டைரக்டர், ஒரே பாணி நக்கல். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

நக்கலுக்கு அசல் தெரியணும்

ஒருத்தர் மாதிரி மிமிக்ரி பண்ணினா, அந்த ஒருத்தரை நமக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா அது வெறும் குரல்தான். புலிகேசி கிண்டலடிச்சது ராஜா ராணி படங்களை. அதெல்லாம் டிவியில திரும்பத் திரும்பப் பார்த்து நமக்கு மனப்பாடம். ஒருத்தன் கோமாளி ராஜா, இன்னொருத்தன் வீரன்னு வர்ற இரட்டையர் கதையில 'உத்தம புத்திரன்' சாயல் இருக்குன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அந்தக் கதையை 1940-ல பி.யு. சின்னப்பாவை வச்சு முதல்ல எடுத்தது நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு ரோட்டுல இன்னைக்கும் அந்த வளைவு நிக்குது. டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச கம்பெனி, நூறு படத்துக்கு மேல எடுத்திருக்கு.

ஜெய்சங்கர் எப்படி ஊர் பேரானார்?

இப்ப கௌபாய் படத்துக்கு வருவோம். அதுல வர்ற ஊர்களோட பேரைக் கவனிங்க: ஜெய்சங்கர்புரம், ஷோலேபுரம், உசாபுரம். நாசர் பண்ற ஒற்றைக்கண் வில்லன் பேரு கிழக்குக்கட்டை. கிளிண்ட் ஈஸ்ட்வுட்டுல இருக்குற 'ஈஸ்ட்வுட்'டை அப்படியே தமிழ்ப்படுத்தினா கிழக்குக்கட்டை! ஈஸ்ட்வுட் யாருன்னு தெரிஞ்சவங்களுக்கு அது வெடி. தெரியாதவங்களுக்கு அது ஏதோ ஒரு வில்லன் பேரு.

ஜெய்சங்கர்புரமும் அப்படித்தான். 1966-ல 'வல்லவன் ஒருவன்' எடுத்து ஜெய்சங்கரைத் துப்பறியும் ஹீரோவா, தமிழ்நாட்டு ஜேம்ஸ்பாண்டா நிறுத்தினது மாடர்ன் தியேட்டர்ஸ். அவரைக் குதிரையில ஏத்தினவர் இன்னொருத்தர், ஒளிப்பதிவாளர் கர்ணன். அவரே டைரக்‌ஷனும் பண்ணி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972)ன்னு வரிசையா எடுத்தார். இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனி ஸ்பெயின்ல அமெரிக்காவைக் காட்டினார். கர்ணன் நம்ம பக்கத்துப் பொட்டல்லயே குதிரையை விரட்டினார். தெலுங்குல கிருஷ்ணா நடிச்ச 'மோசகாளக்கு மோசகாடு' 1971-ல வந்தது. அதையும் தமிழ்ல டப்பிங் பண்ணி ஓட்டினாங்க.

மூணு கூட்டம்

என் கணக்குல, 2010-ல தியேட்டருக்கு வந்தவங்க மூணு கூட்டம். முதல் கூட்டம், ஜெய்சங்கர் படங்களை டூரிங் கொட்டாயில மணல் குமிச்சு உக்காந்து பார்த்தவங்க. ரெண்டாவது கூட்டம், சிவகாசியில இருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படிச்சு டெக்ஸ் வில்லர், லக்கி லுக், கேப்டன் டைகரோட வளர்ந்தவங்க. இந்த ரெண்டு கூட்டமும் ஒவ்வொரு தொப்பிக்கும் சிரிச்சுது. மூணாவது கூட்டம் லாரன்ஸோட டான்ஸுக்கும் ஃபைட்டுக்கும் வந்தவங்க. அவங்களுக்கு அசலே தெரியாது. பெரும்பாலானவங்க அந்தக் கூட்டம்தான்.

எல்லாப் பழியையும் ஆடியன்ஸ் மேல போடவும் முடியாது. தூக்குக்குப் போகவேண்டிய சிங்காரம்ங்கிற திருடனை, காணாமப் போன வீரன் சிங்கம் இடத்துல கொண்டுவந்து நிறுத்துறாங்க. அருமையான முடிச்சு. ஆனா புதையல் வேட்டை தொடங்கின பிறகு படம் தானே ஒரு சீரியஸ் சாகசப் படமா மாறிடுது. கிண்டல் பண்ணவந்த விஷயத்துலயே மாட்டிக்குது.

அப்புறம் என்ன ஆச்சு?

டிவியில துண்டு துண்டா காமெடி சீனாப் போட்டப்ப இந்தப் படத்துக்குப் புது ரசிகர்கள் கிடைச்சாங்க. ஜெய்சங்கரையே பார்க்காத பசங்க எம்.எஸ். பாஸ்கர் சீனுக்குச் சிரிக்கிறாங்க. அது சந்தோஷம்தான். ஆனா எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. 'கங்கா'வை இன்னைக்கு எத்தனை பேர் தேடிப் பார்ப்பாங்க? அசலை மறந்துட்டு நக்கலை மட்டும் வச்சுக்கிட்டா, நம்ம ஊர்ப் பொட்டல்ல ஒருத்தர் சீரியஸாவே கௌபாய் படம் எடுத்தார்ங்கிறதே நாளைக்கு ஒரு ஜோக்காத்தான் மிஞ்சும். கிடைச்ச பட்ஜெட்ல, ஓடுற குதிரைக்குப் பின்னாடி கேமராவைத் தூக்கிட்டு ஓடின உழைப்பு அது. கிண்டல் பண்ணலாம், தாராளமா. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுவோம்.

அதனால ஒரு சின்ன வேலை தர்றேன். வீட்டுல அறுபது வயசு தாண்டினவங்க இருந்தா, ஜெய்சங்கரோட குதிரைப் படம் எதைப் பார்த்தீங்க, எந்தக் கொட்டாயில பார்த்தீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்றதை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க. முதல்ல 'கங்கா' பாருங்க, அப்புறம் 'முரட்டு சிங்கம்' பாருங்க. இந்தத் தடவை சிரிப்பு வேற இடத்துல வரும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.