டம்ளருக்குள் எவ்வளவு காற்று?

சேமியா உப்புமாவுக்கு வீட்டுக்கு வீடு ஒரு டம்ளர் கணக்கு உண்டு. பல வருடம் பிசகாமல் வந்த அந்தக் கணக்கு, நீளச் சேமியாவுக்குப் பதில் பொடியாக ஒடித்த சேமியா வாங்கிய அன்று நம் காலை வாரிவிடும். தண்ணீர் போதாமல் உப்புமா விறைத்துப்போகும். டம்ளர் அதேதான், கையும் அதேதான். டம்ளருக்குள் இருந்த காற்றின் அளவு மட்டும் மாறிவிட்டது.

டம்ளர் அளப்பது இடத்தை. தண்ணீர் ஊற்றினால் இண்டு இடுக்கு விடாமல் நிரம்பும். அரிசி உருண்டு புரண்டு ஓரளவு நெருங்கிப் படுத்துக்கொள்ளும். சேமியாவும் நூடுல்ஸும் அப்படி இல்லை. நீளமும் வளைவும் உள்ள இழைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்து முட்டுக்கொடுத்து நிற்கும். சுள்ளிக் கட்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல. ஒடித்துப் போட்டால் அதே டம்ளரில் இன்னும் நிறையப் பிடிக்கும்.

அமெரிக்கச் சமையல் கப் ஒன்று சுமார் 237 மில்லி. அதில் அரிசி ஏறக்குறைய 185 கிராம் பிடிக்கும். வளைந்த குழாய் வடிவ மக்ரோனி 100 கிராமுக்குச் சற்று மேல். நாடாபோல் சுருண்ட உலர்ந்த முட்டை நூடுல்ஸோ வெறும் 38 கிராம்தான்! காய்ந்த மாவுப் பண்டம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு கனம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த 38 கிராம் நூடுல்ஸ் உண்மையில் அடைப்பது 27 மில்லி இடம். கப்பில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. ஆகவே 'ஒரு கப் இத்தனை கிராம்' என்று எல்லா நூடுல்ஸுக்கும் பொதுவாக ஒரு எண் சொல்லவே முடியாது.

கப்பும் ஊருக்கு ஊர் வேறு. ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, ஜப்பானில் 200. பாஸ்டன் நகரின் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில், எதையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். மாவுக்கும் சர்க்கரைக்கும் அது பெரிய உதவி. நூடுல்ஸைத் தலைதட்டப் பார்த்தால் நுனிகள் ஒடியும், அல்லது துள்ளி வெளியே விழும்.

வெந்த பிறகு கதையே வேறு. அதே முட்டை நூடுல்ஸ் வெந்து ஒரு கப் எடுத்தால் சுமார் 160 கிராம். நீரைக் குடித்துக் கனத்தது ஒரு காரணம். விறைப்பு போய்த் துவண்டு படிந்ததில் காற்று வெளியேறியது இன்னொரு காரணம். அதனால் குறிப்பில் '2 கப் நூடுல்ஸ்' என்று பார்த்தால், வேகுமுன்னா வெந்த பின்னா என்று முதலில் தேடிப் பாருங்கள். இதைச் சொல்லாமல் விடும் குறிப்பை நான் நம்புவதில்லை.

கிராமுக்கு மாற்ற நம்பகமான வழி, நம் வீட்டு டம்ளரையே நிறுப்பது. மின்னணுத் தராசில் காலி டம்ளரை வைத்துச் சுழியாக்குங்கள். வழக்கமாக எடுக்கும் விதத்திலேயே, அழுத்தாமல், நூடுல்ஸைப் போட்டு நிறுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் கையின் ஏற்ற இறக்கம் அடங்கும். அந்த எண்ணை டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடலாம். வேறு வகை நூடுல்ஸோ சேமியாவோ வாங்கினால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும்.