மைனஸ் மூன்று கூட்டல் நான்கு

கைபேசியில் ஒரு தமிழ்ச் செய்தியைத் திறக்கிறோம். திரையில் தெரியும் ‘க’வும் ‘ழ’வும் முன்கூட்டியே படமாக எடுத்து வைக்கப்பட்டவை அல்ல. எழுத்துருக் கோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் எண்கள்தாம்: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு வளைகோடு போகிறது, எழுத்தின் அகலம் எவ்வளவு, பக்கத்து எழுத்துக்கு எவ்வளவு இடைவெளி. இந்த எண்களைப் படித்து, வளைகோடுகளை இழுத்து, உட்பகுதியை நிரப்பி, திரையின் எந்தப் புள்ளி எவ்வளவு கறுக்க வேண்டும் என்று ஒரு நிரல் அந்த நொடியிலேயே கணக்கிடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் லினக்ஸ் கணினிகளிலும் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருவது ஃப்ரீடைப் என்ற கட்டற்ற நிரலகம்.

1996இல் டேவிட் டர்னர் இதை எழுதத் தொடங்கினார். பிறகு ராபர்ட் வில்ஹெல்மும் வெர்னர் லெம்பெர்க்கும் சேர்ந்துகொண்டார்கள். சி மொழியில் எழுதப்பட்டது. மூலநிரலை யாரும் பார்க்கலாம், எடுத்துத் தம் பொருளில் சேர்த்துக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டாம். நன்றாகவும் வேலை செய்தது. அதனால் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. நூறு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் ஃப்ரீடைப் இருக்கிறது என்று 2016இலேயே கூகுள் குறிப்பிட்டது. இவ்வளவையும் பராமரிப்பவர்கள் ஒரு சிறு குழுவினர். ஒவ்வொரு நாளும் நாம் படிக்கும் எழுத்துகளுக்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வருவது ஒரு குறையைப் பற்றிய செய்தி. குறையை மட்டும் பார்த்துவிட்டு அவர்களை எடைபோடுவது நியாயமாகாது.

2025 மார்ச்சில் மெட்டா நிறுவனம் ஃப்ரீடைப்பில் உள்ள ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டது. சிவிஇ-2025-27363 என்பது அதன் எண். ஆபத்தின் அளவு 10க்கு 8.1. யாரோ அதை ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்றும் மெட்டா எச்சரித்தது. பாதிக்கப்பட்டவை 2.13.0 வரையிலான பதிப்புகள். ஓட்டை எப்படிப்பட்டது என்று பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

எழுத்துரு செய்பவர்கள் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைவதில்லை. ‘கொ’வில் உள்ள கொம்பு ‘கெ’வில் இருப்பதுதான், கால் ‘கா’வில் இருப்பதுதான். ஆகவே ஒகரக் குறியைத் தனியாக வரையாமல், “கொம்பை இங்கே வை, காலை அங்கே வை” என்று கோப்பில் குறித்துவிடலாம். ரோமன் எழுத்துகளின் தலையில் ஏறும் பிரெஞ்சு, ஜெர்மன் குறிகளுக்கும் இதே வழிதான். இப்படிச் சேர்த்துச் செய்யும் வடிவத்தைக் கூட்டு வடிவம் என்போம். அதில் உள்ள ஒவ்வொரு துண்டும் ஓர் உறுப்பு. சாதாரணமாக இரண்டு உறுப்புகள் இருக்கும். மூன்று, நான்கு என்றால் அதிகம்.

இத்துடன் இன்னொரு வசதியும் சேர்ந்தது. மெல்லிய எழுத்து, நடுத்தர எழுத்து, தடித்த எழுத்து என்று தனித்தனிக் கோப்புகள் வைத்துக்கொள்ளாமல், ஒரே கோப்பிலிருந்து எந்தத் தடிமனையும் வரவழைக்கும் மாறும் எழுத்துரு. 1990களில் ஆப்பிள் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது, அப்போது பரவவில்லை. 2016இல் ஆப்பிள், அடோபி, கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அதைப் புதுப்பித்து அறிவித்த பிறகு இணையமெங்கும் வந்துவிட்டது. தடிமன் மாறினால் கொம்பும் காலும் நிற்கும் இடமும் மாற வேண்டும். அதைக் கணக்கிட ஃப்ரீடைப் ஒரு தற்காலிகப் பட்டியல் போடுகிறது. உறுப்பு ஒன்றுக்கு ஒரு புள்ளி. அவற்றோடு இடம், வலம், மேல், கீழ் எல்லைகளைக் குறிக்கும், திரையில் தெரியாத நான்கு புள்ளிகள். ஆக, உறுப்புகளின் எண்ணிக்கையோடு நான்கைக் கூட்டி, அத்தனை புள்ளிகளுக்கு நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும்.

அந்த எண்ணிக்கையை நிரல் 16 பிட்டுகளில், குறியுள்ள எண்ணாக வைத்துக்கொண்டது. 16 பிட்டுகளில் 65,536 வெவ்வேறு மதிப்புகளை எழுதலாம். குறியில்லாத எண் என்றால் அவை 0 முதல் 65,535 வரை. குறியுள்ள எண் என்றால் பாதி எதிர்ம எண்களுக்குப் போய்விடும்: மைனஸ் 32,768 முதல் 32,767 வரை. பிட்டுகள் அதே பிட்டுகள்தாம். படிக்கும் விதம்தான் வேறு. 65,533 என்று எழுதியதைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது மைனஸ் 3.

இப்போது ஒருவர் வேண்டுமென்றே 65,533 உறுப்புகள் கொண்ட ஒரு கூட்டு வடிவத்தை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மொழியின் எழுத்துக்கும் அப்படி ஒன்று தேவையில்லை; ஆனால் கோப்பின் இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. உறுப்பு ஒன்றுக்குக் குறைந்தது 6 பைட் போதும் என்பதால் மொத்தம் ஏறத்தாழ 4 லட்சம் பைட்டுதான், கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை விடச் சிறியது. ஃப்ரீடைப் எண்ணிக்கையைப் பார்க்கிறது: மைனஸ் 3. நான்கைக் கூட்டுகிறது: 1. ஒரே ஒரு புள்ளிக்கு இடம் வாங்குகிறது. உறுப்புகளை வரிசையாக எழுதும் சுற்று, எண்ணிக்கை எதிர்மமாக இருப்பதால் ஒரு முறைகூட ஓடவில்லை. அதன் பிறகு அந்த நான்கு எல்லைப் புள்ளிகளை எழுத வேண்டும். நிரல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நான்கையும் எழுதுகிறது. ஒரு புள்ளிக்கு இரண்டு எண்கள் வீதம் எட்டு எண்கள். இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. மீதி ஆறு, ஒதுக்கிய எல்லைக்கு வெளியே போய் விழுகின்றன. ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நான்கு குடும்பங்களின் சாமான்களை இறக்கினால் மூன்று குடும்பத்தின் சாமான் அடுத்த வீட்டுக்குள்தானே போகும்? மெட்டாவின் அறிவிப்பும் அதிகபட்சம் ஆறு எண்கள் எல்லை தாண்டுவதாகத்தான் சொல்கிறது.

உறுப்புகள் 65,533 முதல் 65,535 வரை இருந்தால் மட்டுமே இந்த வழி திறக்கும். மைனஸ் 1,000 போன்ற எண் வந்தால், நான்கைக் கூட்டிய பிறகும் அது எதிர்மமாகவே இருக்கும். நினைவகம் தர மறுத்துவிடும். நிரல் பத்திரமாகப் பின்வாங்கிவிடும். 32,768 எதிர்ம மதிப்புகளில் மூன்றே மூன்று மதிப்புகளில் ஒளிந்திருந்த பிழை இது. மூலநிரலை எத்தனையோ பேர் படித்தும் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை.

ஆறு எண்கள் என்பது 64 பிட் கைபேசியில் 48 பைட். இந்தக் கட்டுரையின் பெரும்பாலான வாக்கியங்களுக்குக்கூடப் போதாது. ஆனால் நினைவகத்தில் அடுத்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். நிரல் அடுத்து எங்கே போய் எந்தக் கட்டளையை நிறைவேற்ற வேண்டும் என்று சுட்டும் முகவரி அங்கே இருக்கலாம். அதை மாற்றி எழுதினால் நிரலின் கடிவாளம் கைமாறிவிடுகிறது. எல்லை தாண்டி விழும் அந்த எண்களும் எழுத்தின் அகலம், விளிம்பு போன்ற அளவுகளிலிருந்து வருபவை. அந்த அளவுகளை எழுத்துருக் கோப்பே சொல்கிறது. அதாவது என்ன எண் விழ வேண்டும் என்பதும் கோப்பை உருவாக்கியவர் கையில்.

எழுத்துருவை நாமாக நிறுவினால்தானே ஆபத்து என்று தோன்றலாம். இன்றைய நிலை அப்படி இல்லை. இணையப் பக்கம் தன் எழுத்துருவைத் தானே அனுப்புகிறது; பிடிஎஃப் கோப்பு தனக்குள்ளேயே சுமந்து வருகிறது. அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. பார்த்தாலே போதும். 2010 ஆகஸ்டில் ஐபோன்காரர்கள் இதை நேரில் கண்டார்கள். ஒரு வலைத்தளத்தைத் திறந்து திரையில் விரலை ஒரு முறை இழுத்தால், ஆப்பிள் போட்ட பூட்டு திறந்துகொண்டது. ஜெயில்பிரேக்மி என்ற அந்த முறை, பிடிஎஃப்பில் பொதிந்த ஓர் எழுத்துரு வழியாக ஃப்ரீடைப்பின் ஓட்டையில் நுழைந்தது. அதைச் செய்தவர் தீங்கு செய்ய நினைக்கவில்லை. அதே ஓட்டையில் நுழைய நினைக்கும் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட டூகூ என்ற உளவு நிரல், வேர்டு கோப்பில் வைத்த ஓர் எழுத்துரு வழியாக விண்டோஸின் கருவறை வரை போனது. அது மைக்ரோசாஃப்டின் சொந்த நிரலில் இருந்த ஓட்டை. மூலநிரலை மூடி வைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

2020இல் நடந்தது மைனஸ் மூன்று பிழைக்கு இன்னும் நெருக்கமான உறவு. வண்ண எமோஜிகளுக்காக எழுத்துருக்குள் பிஎன்ஜி படங்கள் வைக்கப்படுகின்றன. படத்தின் அகலமும் உயரமும் 32 பிட் எண்கள். ஃப்ரீடைப் அவற்றை 16 பிட்டுக்குள் சுருக்கி, சுருங்கிய அளவுக்கு இடம் ஒதுக்கியது. படத்தை எழுதும்போது பழைய பெரிய அளவிலேயே எழுதியது. குரோம் பயன்படுத்துவோரைத் தாக்க அந்த ஓட்டை பயன்பட்டுக்கொண்டிருந்தது. கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த செர்கெய் கிளாசுனோவ் அதை அக்டோபர் 19இல் தெரிவித்தார். 20ஆம் தேதி ஃப்ரீடைப்பின் திருத்திய பதிப்பும் வந்தது, குரோமின் திருத்திய பதிப்பும் வந்தது. ஒரே நாள்.

இதனோடு ஒப்பிட்டால்தான் 2025இன் கதை எனக்குக் கவலை தருகிறது. மைனஸ் மூன்று பிழையை ஃப்ரீடைப் குழு 2023இலேயே நீக்கிவிட்டது. எண்ணைக் குறியில்லாததாக மாற்றினார்கள், அவ்வளவுதான். 2023 ஜூனில் வந்த 2.13.1 பதிப்பில் ஓட்டை இல்லை. ஆனால் அது பாதுகாப்புத் திருத்தம் என்ற முத்திரையோடு வரவில்லை. டெபியன் 12, உபுண்டு 22.04 போன்ற நிலையான லினக்ஸ் வெளியீடுகள் பழைய பதிப்பிலேயே நிற்பவை. பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவிக்கப்பட்டதை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். முத்திரை இல்லாததால் இது சேரவில்லை. முத்திரை 2025 மார்ச்சில்தான் விழுந்தது. ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் மே மாத அறிவிப்பில் வந்தது. குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்து ஓட்டை பயன்படுத்தப்படுவதற்கான அறிகுறிகள் உள்ளன என்று கூகுள் அப்போது சொன்னது. மருந்து அலமாரியில் இருந்தபடியே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன. இதில் பராமரிப்பாளர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தங்கள் பொருளில் யாருடைய நிரலின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கணக்கு வைத்து, மேலே நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியது, அதை வைத்து வணிகம் செய்யும் நிறுவனங்களின் கடமை.

தடுப்பு வேலையும் நடக்காமல் இல்லை. சிதைந்த கோப்புகளை இடைவிடாமல் ஊட்டிப் பார்க்கும் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் சோதனை, 2016இல் அறிவிக்கப்பட்டபோதே ஃப்ரீடைப்பில் புதிதாக நுழைந்த ஒரு பிழையைச் சில மணி நேரத்தில் பிடித்துக் காட்டியது. அந்தச் சோதனைக்கு நடுவிலும் 2.13.0 வரை மைனஸ் மூன்று தாக்குப்பிடித்தது. வேருக்குப் போகும் முயற்சி வேறு: ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய ஸ்க்ரிஃபா. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுத முயன்றால் ரஸ்ட் நிரல் எழுதாமல் நின்றுவிடும். 2025 தொடக்கத்தில் வந்த குரோம் 133 முதல் ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் இணைய எழுத்துருக்களை ஃப்ரீடைப்புக்குப் பதில் ஸ்க்ரிஃபா படிக்கிறது. இது சரியான பாதை என்றே நினைக்கிறேன். ஆனால் குரோமுக்கு வெளியே, தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் அச்சுப்பொறிகளிலும் பிடிஎஃப் செயலிகளிலும் உள்ள ஃப்ரீடைப் நகல்கள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்.

உங்கள் கையில் இருப்பதை நீங்கள் இன்றே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில், ஃபோனைப் பற்றிய பகுதியில், ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி தெரியும். அது 2025 மே மாதத்துக்கு முந்தையது என்றால் புதுப்பிப்பு இருக்கிறதா என்று தேடி உடனே நிறுவுங்கள். லினக்ஸ் கணினியில் ஃப்ரீடைப்பின் பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஏற்றியிருந்தால் திருத்தம் உள்ளே வந்திருக்கும். தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கைபேசி என்றால், வங்கிச் செயலியையும் மின்னஞ்சலையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.